நாக்குக்கு முன்னாடி காது: இங்கிலீஷ் உச்சரிப்பு பத்தி உங்க கேள்விகள்

கேள்வி: மேடம், நான் வேலைக்குப் போறவங்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறேன். ஆரம்பத்துல பூரா நாக்கை எங்க வைக்கணும், உதட்டை எப்படிக் குவிக்கணும்னு ஒவ்வொரு ஒலியா சொல்லிக் குடுத்தேன். வார்த்தை லிஸ்ட் குடுத்தா எல்லாரும் சுத்தமா படிக்கறாங்க. ஆனா வெளிநாட்டு க்ளையன்ட் கூட போன்ல பேசினா அவர் திரும்பத் திரும்ப 'சாரி, புரியல'ங்கறாராம். எதை விட்டுட்டேன்னே தெரியல.

பதில்: அழுத்தத்தை விட்டுட்டீங்க. ஒலிகளைச் சொல்லிக் குடுத்தது வீண் போகாது, ஆனா இங்கிலீஷ் கேட்டே வளர்ந்த காது ஒரு வார்த்தையை அடையாளம் கண்டுபிடிக்கறதே பாதி அதுல எந்த அசை ஓங்கி வருதுங்கறதை வச்சு தான். அசை மாறி ஓங்குச்சுன்னா அந்தக் காது வேற வார்த்தையைத் தேடிப் போயிடும், அதுக்குள்ள நம்ம ஆள் அடுத்த நாலு வார்த்தை பேசியிருப்பார், எல்லாமே போச்சு. இந்தியர்கள் பேசற இங்கிலீஷ் மத்தவங்களுக்கு எவ்வளவு புரியுதுன்னு ஆர்.கே. பன்சால் பண்ணின ஆய்வு 1969-லயே வந்தாச்சு, புரியாமப் போறதுக்கு அவர் சொன்ன பெரிய காரணங்கள்ல சொல் அழுத்தம் இடம் மாறறதும் ஒண்ணு. இத்தனை வருஷம் கழிச்சும் பெரும்பாலான கிளாஸ்ல இதை கடைசி வாரத்துக்குத் தள்ளி வைக்கறாங்க, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு.

டெவலப்ங்கற வார்த்தையை எடுத்துக்கோங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் 'டெ'யில அழுத்துவாங்க, அழுத்தம் வர வேண்டியது 'வெ'யில. ஹோட்டல்ல ரெண்டாவது அசை. ஃபோட்டோகிராஃப்ல முதல் அசை ஓங்கும், ஃபோட்டோகிராஃபர்னு ஆனதும் ரெண்டாவதுக்குப் போயிடும், ஃபோட்டோகிராஃபிக்னா மூணாவது. அழுத்தம் நகர்ந்ததும் மத்த உயிர் ஒலிகள் எல்லாம் கூடவே மாறிடும், இது தான் நமக்கு ரொம்ப புதுசு. தமிழ்ல குறில்னா ஒரு மாத்திரை, நெடில்னா ரெண்டு மாத்திரை, வார்த்தை கடைசியில வர குற்றியலுகரம் மாதிரி சிலதை விட்டா, எந்த வார்த்தையில எந்த இடத்துல வந்தாலும் அதோட மரியாதை அதுக்கு உண்டு. இங்கிலீஷ்ல அழுத்தம் கிடைச்ச அசை மட்டும் முழுசா நிக்கும், மத்தது சுருங்கி ஒரு மங்கலான 'அ' மாதிரி ஆயிடும். அதுக்குப் பேர் ஷ்வா, இங்கிலீஷ்லயே அதிகமா வர உயிர் ஒலி அது தான், ஆனா 26 எழுத்துல அதுக்குன்னு தனி எழுத்து கிடையாது. கனடாங்கற நாட்டுப் பேரை இங்கிலீஷ்ல எழுதினா மூணு இடத்துல ஒரே எழுத்து தான் வரும், அதுல முதல்ல வர்றது தான் முழுசா கேக்கும், மத்த ரெண்டும் ஷ்வா. கனேடியன்னு சொன்னா முதல் அசையே ஷ்வாவா மங்கிடும், ரெண்டாவது ஓங்கும். ஆக, அழுத்தம் சொல்லிக் குடுக்கும்போது எதை உரக்கச் சொல்லணும்ங்கறதோட நிறுத்தாதீங்க, எதை முழுங்கணும்ங்கறதையும் சேர்த்துச் சொல்லிக் குடுங்க, கஷ்டம் அங்க தான் இருக்கு.

கிளாஸ்ல எப்படிப் பண்றதுன்னா, புது வார்த்தை எதை போர்டுல எழுதினாலும் அழுத்தம் வர அசைக்கு மேல ஒரு பெரிய புள்ளி வைங்க, அர்த்தம் எழுதற மாதிரி இதுவும் ஒரு பழக்கமா ஆகட்டும். ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் குடுத்து ஓங்கற அசையில இழுக்கச் சொல்லுங்க, கை இழுக்கும்போது குரலும் தன்னால நீளும். அப்புறம் வாக்கியத்துக்கு வாங்க. 'ஃப்ரெண்ட்ஸ் ப்ரிங் நியூஸ்', இதுல மூணு தட்டு. 'மை ஃப்ரெண்ட்ஸ் வில் ப்ரிங் த நியூஸ்', இதுலயும் மூணு தட்டு தான். 'மை ஃப்ரெண்ட்ஸ் ஷுட் ஹேவ் ப்ராட் அஸ் த நியூஸ்', இதுலயும் அதே மூணு. மேஜையில தட்டிக்கிட்டே சொல்ல வைங்க, நடுவுல வர சின்ன வார்த்தைகளை அந்த இடைவெளிக்குள்ள எப்படியாவது அடக்கணும், அடக்கும்போது தான் ஷ்வா தானா வரும். 1945-ல மொழியியலாளர் கென்னத் பைக், தட்டு எல்லாம் சம இடைவெளியில வருதுன்னு சொல்ற இந்தத் தாளத்துக்குப் பேர் வச்சார், அப்புறம் கருவி வச்சு அளந்து பார்த்தவங்க தட்டுக்கு நடுவுல இருக்கற நேரம் அவ்வளவு சரிசமமா இல்லன்னு சொல்லிட்டாங்க, அது உண்மை தான். ஆனாலும் பயிற்சிக்கு இதை விட நல்லது நான் பார்க்கல.

கேள்வி: என் மாணவர்களுக்கு பிக், பிக் வித்தியாசம் வரவே மாட்டேங்குது. எத்தனை தடவை சொல்லிக் காட்டினாலும் ரெண்டையும் ஒரே மாதிரி சொல்றாங்க. இன்னும் அதிகமா திரும்பச் சொல்ல வைக்கணுமா?

பதில்: உங்க கேள்வியிலயே விஷயம் இருக்கு பாருங்க, பன்னிக்கு சொல்ற பிக்கும் பெருசுக்கு சொல்ற பிக்கும் தமிழ்ல எழுதினா ஒரே பி தான். 'பம்பரம்'னு சொல்லிப் பாருங்க, முதல்ல வர ப வேற, நடுவுல வர ப வேற. நம்ம வாய்க்கு ரெண்டுமே நல்லாத் தெரியும், ஆனா எங்க எது வரும்னு இடம் தீர்மானிச்சுடறதால காது அதை வித்தியாசமாவே கணக்குல எடுத்துக்கறதில்ல. காது பிரிக்காததை வாயால எத்தனை தடவை சொன்னாலும் பழசே தான் திரும்ப வரும். அதனால கொஞ்ச நாளைக்கு சொல்ல வைக்காதீங்க, கேக்க வைங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும், அவங்க ஒண்ணா ரெண்டான்னு விரலைக் காட்டணும், சரியா தப்பான்னு உடனே சொல்லிடணும், அவ்வளவு தான்.

ஒரே குரல்ல கேக்க வைக்காதீங்க, இது ரொம்ப முக்கியம். ஜப்பானியர்களுக்கு இங்கிலீஷ்ல இருக்கற ர, ல வித்தியாசத்தைக் கேக்கப் பழக்க லோகன், லைவ்லி, பிசோனின்னு மூணு பேர் 1991-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பல பேர் குரல்ல பல வார்த்தைகளைக் கேக்க வச்சு, ஒவ்வொண்ணுக்கும் சரியா தப்பான்னு உடனுக்குடனே சொன்னாங்க, காது முன்னேறுச்சு. அதே வழியில 1997-ல பிராட்லோவும் மத்தவங்களும் பண்ணினதுல இன்னொண்ணும் தெரிஞ்சுது, வாயைத் திறந்து பயிற்சியே பண்ணாம வெறும் காதைப் பழக்கினதுலயே பேச்சும் நல்லாச்சு. உங்க குரல் மட்டும் கேட்டா உங்க குரலைத் தான் கத்துப்பாங்க, அதனால ஆண், பெண், சின்னவங்க, பெரியவங்கன்னு கிடைச்ச குரலை எல்லாம் சேர்த்து வைங்க.

காது பிரிக்க ஆரம்பிச்சதும் ரெண்டு உபாயம் இருக்கு. வார்த்தை முதல்ல வர ப, ட, க ஒலிக்கு இங்கிலீஷ்ல ஒரு மூச்சு வெளிய வரும், உதட்டுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு குண்டூசிக்கு சொல்ற பின்னைச் சொன்னா பேப்பர் ஆடணும். நம்ம தமிழ் 'பின்னாடி'யில வர பி சொன்னா ஆடாது. மூச்சு இல்லாம சொன்னா கேக்கறவருக்கு அது குப்பைத்தொட்டி பின்னா தான் கேக்கும். வார்த்தை கடைசியில வரும்போது விஷயமே வேற. முதுகுக்கு சொல்ற பேக்குக்கும் பைக்கு சொல்ற பேக்குக்கும் வித்தியாசம் கடைசி மெய்யில இருக்குன்னு நினைச்சு அதைப் போட்டு அழுத்துவோம், உண்மையில காது பிடிக்கறது அதுக்கு முன்னாடி வர உயிரோட நீளத்தை. பைக்கு சொல்லும்போது உயிர் நீளும், முதுகுக்கு வெட்டுன மாதிரி குட்டையா நிக்கும். நீளத்தை மட்டும் மாத்தச் சொல்லுங்க, கிளாஸ் பூரா ஒரே நாள்ல வித்தியாசம் காட்டும்.

கேள்வி: பஸ்ஸு, புக்கு, ஃபிலிமுன்னு எல்லாத்துக்கும் கடைசியில ஒரு உ போடறாங்க. எப்படி நிறுத்தறது? இறந்த காலத்துல வொர்க்கெட், ஆஸ்க்கெட்ங்கறாங்க, அதுவும் இதே கோளாறு தானா?

பதில்: அதைக் கோளாறுன்னு பார்க்காதீங்க, மாணவர்கள்கிட்டயும் அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. தமிழ்ல வல்லின மெய்யில ஒரு வார்த்தை முடியவே முடியாது, பின்னாடி ஒரு குற்றியலுகரம் வந்தே ஆகணும், வாய் அதோட இலக்கணத்தை சரியாத் தான் பின்பற்றுது. உ வேண்டாம் வேண்டாம்னு சொல்றதை விட அந்த உ தானா ஓடிப் போற இடத்துல பழக்கறது சுலபம். காசு, இல்லை ரெண்டும் சேர்ந்தா காசில்லைன்னு ஆகுது, பின்னாடி உயிர் வந்ததும் உ காணாமப் போகுது இல்லையா, அதையே இங்கிலீஷுக்கும் எடுத்துக்கோங்க. வெறும் புக்னு சொல்ல வைக்காம 'புக் இட்', 'லுக் அட் இட்', 'பஸ் இஸ் லேட்'னு பின்னாடி உயிர் ஒலி வர மாதிரி குடுத்தீங்கன்னா புக்கிட், லுக்கெட்டிட்னு சங்கிலி மாதிரி வரும், உ வர்றதுக்கு இடமே இருக்காது. அது பழகினதும் பின்னாடி வர வார்த்தையை கொஞ்சம் கொஞ்சமா மெதுவா சொல்லி, கடைசியில விட்டுடச் சொல்லுங்க.

வொர்க்கெட் வேற கதை, எழுத்தைப் பார்த்துப் படிக்கறதால வர்றது. வினைச்சொல் ட ஒலியில (வான்ட்-ல வர மாதிரி வன்மையானதோ, நீட்-ல வர மாதிரி மெத்துன்னதோ, எதுவா இருந்தாலும்) முடிஞ்சா மட்டும் தான் தனியா ஒரு அசை சேரும், வான்டிட், நீடிட் மாதிரி. மத்ததுல எல்லாம் அசை கூடவே கூடாது, வொர்க் ஒரு அசைன்னா வொர்க்ட்டும் ஒரே அசை தான். முதல்ல அசையை எண்ணச் சொல்லுங்க, கடைசி ஒலி வன்மையா மெத்துன்னாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம். ஆஸ்க்ட் மாதிரி மெய் மூணு சேர்ந்து வர்றதுக்கு நான் சொன்ன அதே வழி தான், 'ஆஸ்க்ட் எ க்வெஸ்சன்'னு சொன்னா அந்த ட் அடுத்த வார்த்தை மேல ஏறிக்கும். நீளமான வார்த்தையில தடுமாறினா கடைசியில இருந்து கட்டுங்க, 'ஷன்', அப்புறம் 'சியேஷன்', அப்புறம் 'ப்ரீசியேஷன்', அப்புறம் முழுசா 'அப்ரீசியேஷன்'. முன்னாடி இருந்து கட்டினா அழுத்தம் சிதைஞ்சுடும்.

கேள்வி: எனக்கு 58 வயசு ஆகுது. இந்த வயசுல உச்சரிப்பு மாறுமா, இல்ல வீண் ஆசையா?

பதில்: மாறும்மா. சின்ன வயசுல ஆரம்பிச்சவங்க மாதிரியே ஆகறது கஷ்டம், அதை மறைக்க வேண்டியதில்ல. ஆனா புது ஒலியைப் பிரிச்சுக் கத்துக்கற திறமை வாழ்நாள் முழுக்க நம்மகிட்ட இருக்கும்ங்கறது தான் 1995-ல ஜேம்ஸ் ஃப்ளெகி முன்வச்ச கொள்கையோட அடிப்படை. தினம் கொஞ்ச நேரம் காதைத் தீட்டுங்க, அழுத்தத்துல இருந்து ஆரம்பிங்க, பேச்சு தெளிவாகறதை வீட்டுல இருக்கறவங்களே சொல்லுவாங்க.

கேள்வி: சார், படம் பார்த்தா, நியூஸ் கேட்டா வார்த்தைகளை எல்லாம் முழுங்கி முழுங்கிப் பேசறாங்க. என் மாணவர்களுக்கும் அப்படியே பேசச் சொல்லிக் குடுக்கலாமா? அது தான் நேச்சுரல் ஸ்பீச்னு சில பேர் சொல்றாங்க.

பதில்: கேக்கறதுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க, பேசறதுக்குப் பொறுக்கி எடுத்துக் குடுங்க. (நான் மேடம் தாங்க, பரவாயில்ல.)

அவங்க சோம்பேறித்தனமா பேசலங்கறதை முதல்ல மாணவர்களுக்குப் புரிய வைக்கணும். மரம்னு சொல்றோம், கள் சேர்ந்ததும் மரங்கள்னு ஆயிடுது, பக்கத்துல வர ஒலிக்கு ஏத்த மாதிரி ம் போய் ங் வருது. அங்கயும் அதே தான், 'டென் பாய்ஸ்' வேகமா சொன்னா 'டெம் பாய்ஸ்', 'நெக்ஸ்ட் டே' 'நெக்ஸ் டே', 'டிட் யூ' 'டிஜூ'. இது தெரியாத மாணவர், தான் படிச்ச வார்த்தை ஒவ்வொண்ணும் தனித்தனியா வரும்னு காத்துக்கிட்டே இருப்பார், அது வரவே வராது. ஒரு சின்ன ஆடியோ துண்டைப் போட்டு, அர்த்தம் கேக்காம, இதுல எத்தனை வார்த்தை இருக்குன்னு மட்டும் கேளுங்க. ஆளுக்கு ஒரு எண்ணிக்கை சொல்லுவாங்க, அப்புறம் எழுத்தைக் காட்டி எது எங்க ஒளிஞ்சிருக்குன்னு தேட வைங்க. வேகமான பேச்சைப் புரிஞ்சுக்க எனக்குத் தெரிஞ்ச சிறந்த பயிற்சி இது தான்.

பேசறதுல கட்டாயம் வேணும்னா ரெண்டு, வார்த்தைகளை இணைக்கறதும் சின்ன வார்த்தைகளை மெலிசாச் சொல்றதும். 'ஐ கேன் கோ'ன்னு சொல்லும்போது கேன் வெறும் 'க்ன்' அளவுக்கு சுருங்கணும், கோ தான் ஓங்கணும். முடியாதுன்னு சொல்லும்போது தான் அந்த உயிர் முழுசா வரும். நம்ம ஆளு கேன்-ஐ நல்லா அழுத்தி தெளிவாச் சொன்னா எதிர்ல இருக்கறவர் முடியாதுன்னு புரிஞ்சுக்க நிறைய வாய்ப்பு இருக்கு, அதுவும் அமெரிக்கர்கள்கிட்ட இது அடிக்கடி நடக்கும், ஏன்னா அவங்க கான்ட் சொல்லும்போது கடைசி ட் பெரும்பாலும் கேக்காது. தெளிவா சொல்ல நினைச்சதாலயே அர்த்தம் தலைகீழாப் போற இடம் இது. 'வான்ட் டு'வை வானா, 'கோயிங் டு'வை கானான்னு சுருக்கற மாதிரியானதை மட்டும் வற்புறுத்தாதீங்க, மத்த பேச்சு நிதானமா இருக்கும்போது அது மட்டும் ஒட்டாம நிக்கும், சரளம் வந்ததும் வேணும்னா தானா வந்துடும்.

கேள்வி: பிரிட்டிஷா அமெரிக்கனா, எதைச் சொல்லிக் குடுக்கறது? என் மாணவி ஒருத்தி தன்னோட ஆக்சென்ட்டைக் கேட்டு ஆபீஸ்ல சிரிச்சாங்கன்னு பேசறதையே நிறுத்திட்டா.

பதில்: அந்தப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க. கனடாவுல மன்ரோ, டெர்விங்னு ரெண்டு பேர் 1995-ல வெளியிட்ட ஆய்வுல சீன மொழி பேசறவங்களோட இங்கிலீஷைக் கேக்க வச்சு, கேட்டதை அப்படியே எழுதச் சொன்னாங்க. ஆக்சென்ட் ரொம்ப பலமா இருக்குன்னு மதிப்பெண் போட்ட வாக்கியங்கள்லயே நிறைய வாக்கியங்களை ஒரு வார்த்தை பிசகாம எழுதியிருந்தாங்க. ஆக்சென்ட் இருக்கறதும் புரியாம இருக்கறதும் ரெண்டு தனித்தனி விஷயம். ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுல சம மதிப்புள்ள நாலு அளவுகோல்ல உச்சரிப்பு ஒண்ணு, அதுல கூட எந்த நாட்டுக்காரர் மாதிரி பேசறீங்கன்னு பார்க்கறதில்ல, புரியுதா, கேக்க சிரமம் இல்லாம இருக்கான்னு தான் பார்ப்பாங்க. தாய்மொழியோட சாயல் பேச்சுல இருக்கறதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, சிரிச்சவங்க தான் வெக்கப்படணும்.

எந்த மாடல்ங்கறதுக்கு, மாணவர் யார்கூட அதிகம் பேசப் போறாரோ அதையே கேக்கக் குடுங்க, அதுக்கு மேல யோசிக்க வேண்டாம். 2000-த்துல ஜெனிஃபர் ஜென்கின்ஸ், வேற வேற தாய்மொழிக்காரங்க இங்கிலீஷ்ல பேசிக்கும்போது எது அவசியம், எது விட்டாலும் பரவாயில்லன்னு பிரிச்சாங்க. உயிர் நீளம், வார்த்தை முதல்ல சேர்ந்து வர மெய்கள், வாக்கியத்துல முக்கியமான வார்த்தை ஓங்கறது எல்லாம் அவசியம்னும், நாம மாசக்கணக்கா மெனக்கெடற திங்க், திஸ்-ல வர ஒலி அவ்வளவு அவசியம் இல்லன்னும் சொன்னாங்க. அது எனக்கு முழு சம்மதம். (திஸ்-ல வர ஒலி நம்மகிட்டயே இருக்கு, 'அது'ன்னு இயல்பா சொல்லும்போது நடுவுல வர த தான் அது, அதையே வார்த்தை முதலுக்குக் கொண்டு வந்தாப் போதும்.) சொல் அழுத்தத்தையும் அவங்க விட்டுட்டாங்க, சொல்லிக் குடுத்து வராதுன்னு நினைச்சாங்க. அதுல மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், வரும், முதல் நாள்ல இருந்தே ஆரம்பிச்சா வரும்.

கேள்வி: இலக்கணம் சரி, வார்த்தை சரி, ஆனா என் பையன் இங்கிலீஷ் பேசினா பாடம் ஒப்பிக்கற மாதிரியே இருக்கு. உணர்ச்சியே வரல. தமிழ்ல நல்லா ஏத்த இறக்கத்தோட பேசறான்.

பதில்: தமிழ்ல அவனுக்கு உதவிக்கு நிறைய ஆள் இருக்கு. நான்தான் போனேன், நேத்தே போனேன், அங்கயா போனே, ராத்திரியும் போனேன்னு ஒரு தான், ஒரு ஏ, ஒரு ஆ, ஒரு உம் ஒட்டிட்டா எதை அழுத்தறோம்னு தெரிஞ்சுடும், வார்த்தையை முன்ன பின்ன மாத்திப் போட்டும் சொல்லலாம். இங்கிலீஷ்ல வார்த்தை வரிசையை அப்படி இஷ்டத்துக்கு மாத்த முடியாது, ஒட்டறதுக்கும் ஒண்ணும் கிடையாது, அதனால அந்த வேலை முழுசும் குரல் மேல விழுது. 'ஐ டிடன்ட் டேக் யுவர் பென்', இதுல ஐ ஓங்கினா எடுத்தது நான் இல்ல வேற யாரோ, யுவர் ஓங்கினா எடுத்தேன் ஆனா உன்னோடது இல்ல, பென் ஓங்கினா எடுத்தது பேனா இல்ல வேற எதுவோ. பையன்கிட்ட தமிழ்ல தான், ஏ போட்டு வாக்கியம் சொல்லுங்க, அவன் அதை இங்கிலீஷ்ல குரலால சொல்லட்டும், ஒரு விளையாட்டு மாதிரி. அப்புறம் ஒரு நிமிஷ ஆடியோ ஒண்ணை எடுத்து, பேசறவர் பேசும்போதே ஒரு அரை நொடி பின்னாடி கூடவே பேசச் சொல்லுங்க, நிறுத்தற இடம், மூச்சு, சுருதி எல்லாத்தையும் சேர்த்து. தினம் புதுசு புதுசா மாத்த வேண்டாம், ஒரே துண்டை ஒரு வாரம் பண்ணட்டும், ஆரம்பத்துலயும் முடிவுலயும் பதிவு பண்ணி அவனையே கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: தப்பா உச்சரிக்கும்போது உடனே நிறுத்தித் திருத்தணுமா, இல்ல விட்டுடலாமா?

பதில்: அன்னிக்கு எதைச் சொல்லிக் குடுத்தீங்களோ அதுல தப்பு வந்தா உடனே, ஆனா வாயால வேண்டாம். அழுத்தம் மாறினா மேல வச்ச புள்ளியைக் கையால காட்டுங்க, உ சேர்த்தா விரலை மடக்கிக் காட்டுங்க, அவங்களே திருத்திப்பாங்க, பேச்சும் அறுந்து போகாது. மத்த தப்பை எல்லாம் குறிச்சு வச்சுக்கிட்டு, அவங்க பேசி முடிச்சதும் யார் சொன்னதுன்னு பேர் சொல்லாம பொதுவா போர்டுல போட்டுப் பேசுங்க. ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துல ஒரு விஷயம் போதும். சரியாத் திருப்பிச் சொல்லி விட்டுடறது, அதாவது அவர் தப்பாச் சொன்னதை நீங்க சரியா ஒரு தடவை சொல்லிட்டு மேல போயிடறது, உச்சரிப்புக்கு ஓரளவு வேலை செய்யும், ஆனா அவர் காது அந்த வித்தியாசத்தை ஏற்கனவே பிரிக்கப் பழகியிருந்தா தான், இல்லேன்னா நீங்க சொன்னதும் தான் சொன்னதும் ஒண்ணுன்னே நினைச்சுட்டுப் போயிடுவார். அதனால யார் யார் காது எது வரைக்கும் வந்திருக்குன்னு வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஒண்ணா ரெண்டா விரல் சோதனையை எல்லாருக்கும் வச்சுப் பாருங்க, திருத்தலாமா கேக்க வைக்கலாமாங்கறது அதுல தெரிஞ்சுடும்.